பால் யாருக்குச் சுரக்கிறது? குமரி மாவட்டத்து இயற்கை உலா ஒன்றைப் பற்றி

நாகர்கோவிலிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் புறப்படும் ஒருநாள் இயற்கை உலா ஒன்றில் சென்ற மார்கழியில் நானும் என் மனைவியும் கலந்துகொண்டோம். பன்னிரண்டு பேர் அமரக்கூடிய வேன், வழிகாட்டியாக ஓர் இளம்பெண், விடியலில் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம், முற்பகலில் தேரூர்க் குளம், மாலையில் மணக்குடிக் காயல் என்பது அவர்களுடைய நிரல். ஒருவருக்கு 1,300 ரூபாய். காலைத் தேநீர், மதிய உணவு, படகுக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்கும். நடத்துகிறவர்கள் சிறிய குழுவினர். அவர்கள் தரும் கையேட்டைக் குறித்து நான் கடுமையாகச் சில சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன்.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் தாவரவியல் கற்பித்தவன் நான். பூவைக் காட்டினாலும் வேரைக் காட்டினாலும் மாணவர்கள் முதலில் கேட்பது "இது எதுக்கு சார்?" என்பதுதான். இயற்கையில் நோக்கம் என்று ஒன்று உண்டா, இல்லை நாம்தான் அதை அங்கே கொண்டுபோய் வைக்கிறோமா என்ற மெய்யியல் கேள்வி அந்தச் சிறு வினாவுக்குள் முழுமையாக இருக்கிறது. பாடநூல்கள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. சுற்றுலா வழிகாட்டிகள் அதற்கு அழகான பொய்களைச் சொல்லிவிடுகிறார்கள். இந்த உலாவின் வழிகாட்டி அப்படிச் செய்யவில்லை என்பதே நான் இதை எழுதக் காரணம்.

தோட்டத்தை நாங்கள் அடைந்தபோது இன்னும் விடியவில்லை. நெற்றியில் விளக்குக் கட்டிய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் வரிசையில் நான்காவது மரத்தருகே நின்றிருந்தார். அவர் உடனே கத்தியை வைக்கவில்லை. முதலில், முந்தைய வெட்டின் சாய்ந்த கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பழுப்பு நாடா ஒன்றை ஒரு நுனியில் பிடித்து இழுத்தார். அது நீண்டு, நெளிந்து, மரத்தை விட்டுப் பிரிந்து வந்தது. அதைத் தோளில் தொங்கிய சாக்குப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் பட்டையில் ஒரு மெல்லிய சீவலை எடுத்தார். கத்தி போன வழியெங்கும் வெள்ளைப் புள்ளிகள் வியர்வைபோல் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, கோட்டின் வழியே சரிந்து, தகர மூக்கில் தயங்கிச் சிரட்டைக்குள் சொட்டின.

எங்களுடன் வந்த பத்து வயதுச் சிறுமி அந்த நாடாவைக் காட்டி, "மாமா, அது என்னது?" என்று கேட்டாள்.

"ஒட்டுப்பாலு மக்கா. மரத்துக்க பொருக்காக்கும் அது. நாம கீறுன புண்ண மரம் மூடி வச்சிருக்கும். அத உரிச்சு எடுத்தாத்தான் மறுபடியும் பாலு வரும்" என்றார் அவர்.

அப்போது வழிகாட்டி எங்கள் எல்லாரிடமும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார்: இந்தப் பால் எதற்காக இருக்கிறது? டயருக்கு என்றார் ஒருவர், கையுறைக்கு என்றார் இன்னொருவர். வழிகாட்டி சாக்குப் பையிலிருந்து அந்த நாடாவை வாங்கிச் சிறுமியின் கையில் வைத்து, "மரத்தைக் கேட்டால் சிரட்டையைக் காட்டாது, இதைத்தான் காட்டும்" என்றார். வகுப்பில் நான் எத்தனையோ முறை சொல்ல முயன்று சரியாகச் சொல்ல முடியாமல் போனதை ஒரு துண்டு ஒட்டுப்பாலால் அவர் சொல்லி முடித்ததாக எனக்குத் தோன்றியது.

பட்டைக்குள் பால் குழாய்கள் அழுத்தத்தோடு நிரம்பியிருக்கின்றன. வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்குவதற்கு முன் அந்த அழுத்தம் மிகுதியாக இருப்பதால்தான் இருட்டிலேயே வெட்டுகிறார்கள். வெட்டு விழுந்ததும் பாலோடு மிதக்கும் நுண்பைகள் சில உடைந்து, அவற்றிலிருந்து வெளியாகும் பொருள்கள் ரப்பர்த் துகள்களைத் திரளச் செய்து, குழாய்களின் வாயை அடைக்கின்றன. துளையிட வரும் பூச்சியின் வாயில் பிசின்போல் ஒட்டிக்கொள்வதும், புண்ணின் வழியே பூஞ்சை புகுவதைத் தடுக்கும் புரதங்களைத் தாங்கியிருப்பதும் அதே பால்தான். இந்த மரத்தின் தாயகம் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுசென்ற விதைகளின் வழியாகவே அது ஆசியாவுக்குப் பரவியது. டயர் என்ற ஒன்று மனிதன் மனத்தில் தோன்றுவதற்கு எத்தனையோ இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பால் தன் புண்ணை அடைத்துக்கொண்டிருந்தது. ஆகவே மரத்துக்குள் பால் இருப்பதற்கு டயர் காரணம் ஆகாது. ஆனால் குலசேகரத்து மலைச்சரிவில் இந்த மரம் வரிசை பிடித்து நிற்பதற்கு டயர்தான் காரணம். "எதற்காக" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் ஒளிந்திருக்கின்றன.

வழிகாட்டி இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டினார். ஒருவர் மனத்தில் முன்கூட்டியே இருப்பது நோக்கம். ஓர் உறுப்பு எந்த வேலையைச் செய்ததால் தலைமுறை தலைமுறையாக நிலைத்ததோ அந்த வேலை பயன். பால்வெட்டுகிறவருக்கு நோக்கம் உண்டு; மரத்தின் பாலுக்குப் பயன் உண்டு. புண்ணை விரைவாக அடைத்துக்கொண்ட மூதாதை மரங்கள் குறைவாக இழந்தன, குறைவாக நோயுற்றன, கூடுதலாக விதை விட்டன. எண்ணற்ற தலைமுறைகளில் அது திரும்பத் திரும்ப நிகழ்ந்ததன் மிச்சமே நாம் காணும் இந்தப் பால். 1859இல் டார்வின் உலகுக்குச் சொன்ன விளக்கம் இதுதான். பிற்கால மெய்யியலாளர்களில் லாரி ரைட் 1973இல் இதை இன்னும் கூர்மையாக்கினார்: ஒரு பொருள் ஒரு வேலையைச் செய்வது மட்டும் போதாது, அந்த வேலையைச் செய்வதாலேயே அப்பொருள் அங்கே இருக்க வேண்டும், அப்போதுதான் அந்த வேலையை அதன் பயன் என்று அழைக்கலாம். இதயம் துடிக்கும்போது ஒலி எழுகிறது, மருத்துவருக்கு அது உதவுகிறது. ஆனால் ஒலி எழுப்புவதால் இதயம் அங்கே இருக்கவில்லை, இரத்தத்தைச் செலுத்துவதால் இருக்கிறது.

இயற்கையை இயற்கையைக் கொண்டே விளக்கும் பார்வைக்கு இயற்கைவாதம் என்று பெயர். இயற்கைவாதம் என்றால் இயற்கையில் பயனே இல்லை என்று சொல்வது எனப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படிச் சொன்னால் இதயத்தின் நோயைக்கூட நோய் என்று சொல்ல முடியாமல் போய்விடும், ஏனென்றால் செய்ய வேண்டிய வேலை என்று ஒன்று இருந்தால்தான் செய்யத் தவறுவது என்று ஒன்று இருக்க முடியும். பயன் மெய்யாகவே உண்டு, அதை எண்ணி வைத்தவர் எவரும் தேவையில்லை என்பதே இயற்கைவாதியின் நிலை. என் நிலையும் அதுவே. வேனில் திருநீறு பூசியவரும் சிலுவை அணிந்தவரும் தொப்பி வைத்தவரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இறைவனைப் பற்றிக் கேட்டபோது வழிகாட்டி, "அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வரவில்லை ஐயா, இந்த மரத்துக்கான விடையை இந்த மரத்திடமே தேடலாம் என்று மட்டும் சொல்கிறேன்" என்றார். இயற்கைவாதத்தை ஆய்வு முறையாகக் கொள்வதும் முழு உலகப் பார்வையாகக் கொள்வதும் வேறு வேறு. முதலாவதுக்கு எல்லாரையும் அழைக்கலாம், இரண்டாவதை ஒருவர் தாமே வந்தடைய வேண்டும். அந்த எல்லையை மீறாமல் அவர் நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

பாலைப் பற்றிப் பேசும்போது இந்தியாவின் பழைய மெய்யியல் மரபுகளில் ஒன்றைச் சேர்ந்த சாங்கியரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அறிவற்ற பால் கன்றின் வளர்ச்சிக்காகச் சுரப்பதுபோல், அறிவற்ற பிரகிருதி, அதாவது மூல இயற்கை, புருடனின், அதாவது உயிரின், விடுதலைக்காக இயங்குகிறது என்கிறது சாங்கிய காரிகையின் 57ஆம் காரிகை. எண்ணுகிற மனம் இல்லாமலே ஒன்று இன்னொன்றுக்காக இருக்கக்கூடும் என்று அவ்வளவு பழங்காலத்தில் கண்டது பெரிய காரியம். பால் கன்றுக்காகச் சுரக்கிறது என்பதில் எனக்கும் ஐயமில்லை. கன்றை வளர்த்த பால்தான் அடுத்த பசுவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதே அளவுகோலை முழு இயற்கையின் மேல் வைக்கும்போது வாதம் நழுவுகிறது. பசுவுக்குத் தாய் உண்டு, கன்று உண்டு, பால் வற்றி வழித்தோன்றல் அற்றுப்போன பிற பசுக்களும் உண்டு. பிரபஞ்சத்துக்குத் தாயும் கன்றும் கிடையாது. வேலை செய்யத் தவறி அழிந்துபோன பிற பிரபஞ்சங்களின் வரிசையில் நிலைத்து வந்த ஒன்று என்று அதைச் சொல்ல நமக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆகவே உறுப்புக்கு உள்ள பொருளில் முழுமைக்குப் பயன் உண்டா என்று கேட்பதற்கே இடமில்லாமல் போகிறது.

தேரூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணிநேரத்துக்கும் குறைவு. சுசீந்திரம் தேரூர் ஈரநிலங்கள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்றவை. சங்குவளை நாரைகள் அலகைப் பாதி திறந்தபடி நீருக்குள் துழாவிக்கொண்டிருந்தன. மீன் உரசிய கணத்தில் அலகு மூடிக்கொள்ளும் என்பதைத் தொலைநோக்கியில் இருமுறை தெளிவாகப் பார்த்தோம். ஒரு நடத்தையைப் பற்றி நான்கு விதமாகக் கேட்க வேண்டும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் 1963இல் வகுத்ததை வழிகாட்டி இங்கே விளக்கினார்: எது அதை இப்போது தூண்டுகிறது, குஞ்சில் அது எப்படி வளர்கிறது, எதற்குப் பயன்படுகிறது, எந்த மூதாதையிலிருந்து வந்தது. திரும்பும்போது கவிமணி பிறந்த ஊர் இது, அவர் பிறந்த ஆண்டு 1876 என்று வழிகாட்டி சொன்னதும், ரப்பர் விதை பிரேசிலை விட்டுப் புறப்பட்ட ஆண்டும் அதுவே என்று என் மனம் தானாக முடிச்சுப் போட்டது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இருந்தும் ஒரு கணம் அதில் ஏதோ பொருள் இருப்பதுபோல் மெய்யாகவே தோன்றியது. நோக்கத்தைத் தேடும் பழக்கம் எவ்வளவு ஆழத்தில் வேர்விட்டிருக்கிறது என்பதை அப்போது உணர்ந்தேன்.

மதியம் மரச்சீனியும் சாளைக் கறியும் தந்தார்கள். இரண்டும் நன்றாக இருந்தன. ஆனால் உணவிடத்திலேயே ஒன்றேகால் மணிநேரம் கழிந்ததால் மணக்குடிக்குப் போய்ச் சேரும்போது நேரம் தாழ்ந்துவிட்டது. இந்த உலாவின் மிக முக்கியமான இடத்துக்கு மிகக் குறைந்த நேரம் ஒதுக்கப்படுவது நடத்துகிறவர்கள் உடனே திருத்த வேண்டிய குறை.

கையேட்டைப் பற்றிய என் மனக்குறையும் அங்கேதான் முற்றியது. பழையாறு கடலோடு சேரும் அந்தக் காயலில், உவர்நீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரங்கள் நிற்கின்றன. கையேட்டின் ஒன்பதாம் பக்கம், "இயற்கை அன்னை மனிதனைக் கடலின் சீற்றத்திலிருந்து காக்கவே கண்டல் காடுகளைப் படைத்தாள்" என்கிறது. கண்டல் காடு அலையின் வேகத்தைத் தணிக்கிறது, கரையைப் பிடித்து வைக்கிறது. அதனால் நமக்கு நன்மை உண்டு. ஆனால் அந்த ஊன்றுவேர்கள் இருப்பது நம்மைக் காப்பதற்காக அன்று. இளகிய சேற்றில் மரத்தை நிறுத்துவதும், காற்றே இல்லாத அந்தச் சேற்றுக்குள் இருக்கும் வேருக்குப் பட்டைத் துளைகளின் வழியாகக் காற்றைக் கொண்டுசெல்வதும் அவற்றின் வேலை. வழிகாட்டி பிரித்த இரண்டு சொற்களோடு மூன்றாவதாக நன்மை என்ற சொல்லையும் இங்கே சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பயனால் ஒரு பொருள் அங்கே இருக்கிறது. நன்மையோ அது அங்கே இருப்பதால் பிறருக்கு வந்து சேர்வது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மணக்குடியில் வனத்துறையும் ஆர்வலர்களும் நட்டு வளர்த்த கண்டல்களும் இருக்கின்றன. கரையைக் காக்க வேண்டும் என்று எண்ணி நட்டவர்களின் நோக்கம் அந்த மரங்களில் மெய்யாகவே நிற்கிறது. வேரின் வடிவத்தில் நோக்கம் இல்லை, பயன் உண்டு. அந்த வேர் இந்தக் கரையில் இருப்பதில் நோக்கம் உண்டு. கையேடு நட்டவர்களின் உழைப்பை அழித்துவிட்டு அதை இயற்கை அன்னையின் பெயரில் எழுதிவிட்டது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

படகோட்டிய முதியவரை வழிகாட்டி "பாட்டா" என்று அழைத்தார். புதிய பாலத்துக்கு அடியில் படகு போனபோது பாட்டா ஆற்றின் உள்பக்கமாகக் கையை நீட்டி, "பழைய பாலத்துக்க தளம் அங்கன கெடந்து" என்று மட்டும் சொன்னார். 2004 டிசம்பர் 26இல் சுமத்ராவின் அருகே கடலடித் தட்டுகள் சரிந்து எழுந்த அலை, மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தின் தளங்களைப் பெயர்த்து உள்ளே தள்ளியிருந்தது. அந்த வாரத்தில் நான் என் மாணவர்கள் சிலரின் வீடுகளுக்குப் போனேன். கடலுக்குக் கோபம் என்றார்கள், நாம் செய்த பாவத்துக்குத் தண்டனை என்றார்கள். ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு வயதுப் பிள்ளை என்ன பாவம் செய்தது சார் என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்துத் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தைப் படிக்கும்போது அந்தத் தாய்க்கு நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று கண்ணில் பட்டது. தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகள் எட்டு என்கிறது அந்நூல்: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். எதற்காக, என்ன பயனுக்காக என்ற இரண்டும் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அடுத்த நூற்பாவே, வழக்கில் இவற்றுள் குன்றத்தக்கவை குன்றும் என்று சொல்கிறது. குன்றுவதற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டுகள் "கொடி ஆடிற்று", "வளி வழங்கிற்று" என்பவை. காற்று வீசியது, அவ்வளவுதான். யாருக்காக, எந்தப் பயனுக்காக என்ற இடங்கள் அங்கே காலியாக இருக்கின்றன, வாக்கியத்தில் குறை எதுவும் இல்லை. கடல் எழுந்தது என்பதும் அப்படிப்பட்ட வாக்கியமே. அந்தப் பிள்ளை எந்தப் பாவமும் செய்யவில்லை, ஏனென்றால் அந்த அலை எவரையும் நோக்கி வரவில்லை. இயற்கைவாதம் மனிதரை ஆறுதலின்றி விட்டுவிடுகிறது என்று சொல்வோர் உண்டு. தண்டனை என்ற சொல்லை ஒரு தாயின் தோளிலிருந்து இறக்கி வைப்பதும் ஆறுதல்தான் என்று நான் நம்புகிறேன்.

கண்டல் காயைப் பற்றிய கையேட்டின் கூற்றையும் அங்கேயே சோதிக்க முடிந்தது. கண்டல் விதை மரத்திலேயே முளைத்துப் பச்சை ஈட்டிபோல் தொங்குகிறது. சேற்றில் தானே குத்தி நட்டுக்கொள்வதற்காகவே அந்த வடிவம் என்கிறது கையேட்டின் பதினொன்றாம் பக்கம். பருவத்தின் கடைசிக் காய்கள் சில தொங்கிக்கொண்டிருந்தன. பாட்டா கிளையை மெல்ல அசைத்தபோது நான்கு விழுந்தன. ஒன்று சேற்றில் சாய்வாகச் செருகி நின்றது. மற்ற மூன்றும் நீரில் விழுந்து, படுத்த நிலையில் மிதந்து, படகைத் தாண்டிப் போயின. அப்படி மிதந்துபோய் எங்கோ ஒதுங்கி, படுத்தபடியே வேர்விட்டுப் பிறகு நிமிர்வதும் கண்டலின் வழக்கமே. வடிவத்தைப் பார்த்தவுடன் அதற்கு ஒரு கதை சொல்லிவிடும் பழக்கத்தை உயிரியலாளர்கள் ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவான்டினும் 1979இல் கடுமையாகக் கண்டித்தார்கள்; பயன் உண்டு என்று ஏற்பவருக்கும் ஒவ்வொரு பயனையும் மெய்ப்பிக்கும் கடமை உண்டு. வழிகாட்டி அந்த மூன்று காய்களைப் பார்த்துவிட்டு, கையேட்டில் உள்ளதைத் தாமும் இதுவரை சொல்லிவந்ததாகவும் இனிச் சொல்லப்போவதில்லை என்றும் சிறுமியிடம் நேராகவே சொன்னார்.

திரும்பும் வழியில் நான் அவரிடம் எனக்குள் இன்னும் தீராத கேள்வியைக் கேட்டேன். மரத்தில் நோக்கம் இல்லை, காற்றில் இல்லை, கடலில் இல்லை என்றால், விளக்குக் கட்டிக்கொண்டு இருட்டில் எழுந்து வந்த அந்தத் தொழிலாளியின் நோக்கம் எங்கிருந்து வந்தது? இறை நம்பிக்கை இல்லாத மெய்யியலாளர் தாமஸ் நேகல்கூட 2012இல் இந்த இடத்தில் நின்றுதான், டார்வினிய விளக்கம் போதாது, இயற்கையின் அமைப்பிலேயே ஒரு முன்னோக்கிய சாய்வு இருக்கக்கூடும் என்று வாதிட்டார். வழிகாட்டி சற்று யோசித்து, "எனக்குத் தெரியவில்லை சார்" என்றார். அந்த விடையை நான் மதிக்கிறேன். என் எண்ணம் நேகலுடையதிலிருந்து வேறுபடுகிறது. மணிமேகலையில் வரும் பூதவாதி, பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடும்போது கள்ளின் களிப்புப் பிறப்பதுபோல் நிலம், நீர் முதலிய பூதங்களின் கூட்டத்தில் உணர்வு தோன்றும் என்கிறான். பூவில் இல்லாத களிப்பு கள்ளில் இருப்பதை நாம் பார்க்கத்தான் செய்கிறோம். கண்ணால் கண்டதையே ஏற்பேன் என்று அவன் பிடிவாதம் செய்யும்போது, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எப்படி அறிவாய் என்று மணிமேகலை கேட்பது மிகச் சரியான கேள்வி; பயன் என்பதே நாம் காணாத மூதாதையரைப் பற்றிய அனுமானம் அல்லவா. அந்தத் தொழிலாளியும் இயற்கைக்குள் இருக்கிறார். ஆகவே இயற்கையில் நோக்கம் உண்டா என்றால், உண்டு, அவரிடம் உண்டு, கண்டல் நட்டவர்களிடம் உண்டு, ஓரளவு தேரூர் நாரையிடமும் இருக்கலாம் என்றே சொல்வேன். சர்க்கரை மிகுந்த பக்கம் நகரும் நுண்ணுயிரிலிருந்து அவர்வரை அது எந்தெந்தப் படிகளில் வளர்ந்தது என்பதை முழுமையாகச் சொல்ல இன்னும் அறிவியல் வளர வேண்டும்.

இந்த உலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன். நாலு மணிக்கே வேன் புறப்படுவதால் முதல்நாள் சீக்கிரம் தூங்க வைக்க வேண்டும். தோட்டத்தில் கொசு உண்டு, முழுக்கைச் சட்டை தேவை. வழிகாட்டி பேசுவதைக் கேளுங்கள், கையேட்டைப் பையிலேயே வையுங்கள். ஒன்பதாம் பக்கத்தையும் பதினொன்றாம் பக்கத்தையும் திருத்தி எழுதிக் குழுவினருக்கு அனுப்பியிருக்கிறேன். பதிவு செய்யும்போது மணக்குடியில் நீர் வற்றும் நேரம் எது என்று கேட்டு, அதற்கேற்ற ஞாயிற்றுக்கிழமையாகத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் செருகி நிற்கும் காயையும் மிதந்து போகும் காயையும் ஒரே படகிலிருந்து பார்க்க முடியும்.